'நமக்கு வராது' என்ற நினைப்பு!

கருப்பை வாய்ப் புற்றுநோய் பற்றிப் பேச்செடுத்தாலே, 'அது நம் சமுதாயப் பெண்களுக்கு வராது' என்று சொல்லி முடித்துக் கொள்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். இந்த நினைப்பில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதிதான் உயிரைப் பறிக்கிறது.

இந்நோய்க்கு மூல காரணம் ஹெச்.பி.வி. என்ற வைரஸ். தாம்பத்திய உறவின் வழியே தொற்றுவது. பத்து லட்சம் பெண்களின் பரிசோதனைகளைத் தொகுத்து 2010ல் ஓர் ஆய்வு வெளியானது. கருப்பை வாயில் கோளாறு தென்படாத பெண்களிடம்கூட, சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் 100க்கு 24 பேருக்கு இத்தொற்று இருந்தது. தெற்காசியாவில் 7 பேர். மேற்கு ஆசியாவிலோ 2 பேருக்கும் குறைவு.

கத்னாவின் பயனும் நிரூபிக்கப்பட்டிருக்கிறது. ஐந்து நாடுகளின் தகவல்களைக் கொண்டு 2002ல் வெளியான ஆய்வில், கத்னா செய்யாத ஆண்களில் 100க்கு 20 பேரிடம் இருந்த வைரஸ், செய்தவர்களில் 6 பேரிடம் மட்டுமே இருந்தது. அல்ஹம்துலில்லாஹ்!

ஆனால் குறைகிறது என்பது வேறு. இல்லை என்பது வேறு. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும், கத்னா வழக்கம் பரவலாக உள்ள மாலியும் கினியும் இந்நோயால் மிக அதிகம் பாதிக்கப்பட்ட நாடுகளின் வரிசையில் நிற்கின்றன. இந்தோனேசியாவில் 2022ல் மட்டும் 36 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்நோய் வந்தது. அதே ஆண்டில் நம் நாட்டில் இந்நோய்க்குப் பலியானவர்கள் ஏறத்தாழ 80 ஆயிரம் பேர்.

இதைவிடக் கொடியது இன்னொன்று. தொற்று இருப்பதாகத் தெரிந்தால் அப்பெண்ணின் ஒழுக்கத்தைச் சந்தேகிப்பது! கணவனைத் தவிர வேறு ஆணை அறியாத பெண்ணுக்கும் கணவன் மூலம் இது தொற்றலாம். பல ஆண்டுகள் எந்த அறிகுறியுமின்றி உடலில் தங்கியிருக்கலாம். மருத்துவமனைச் சீட்டு ஒழுக்கத்துக்குச் சாட்சியல்ல. கற்புள்ள பெண்கள் மீது நான்கு சாட்சிகளின்றிப் பழி சுமத்துவதைக் கடுங்குற்றமாக அறிவித்த மார்க்கத்தின் மக்கள் நாம் (திருக்குர்ஆன் 24:4). இந்தப் பழிச்சொல்லுக்கு அஞ்சியே நம் தாய்மார்கள் பரிசோதனைக்குச் செல்லத் தயங்குகிறார்கள்.

நோயை இறக்கிய இறைவன் அதற்கான நிவாரணத்தையும் இறக்கியுள்ளான் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. இங்கே நிவாரணம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடத்திய எளிய பரிசோதனையும், கோளாறு கண்டவர்களுக்கு அளித்த சிகிச்சையும் இந்நோய் மரணங்களை 35 சதவீதம் குறைத்ததாக 2007ல் ஆய்வு முடிவு வெளியானது. 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கான தடுப்பூசியை மலேசியா 2010லேயே பள்ளிகளில் தொடங்கியது. பங்களாதேஷ் 2023லும், பாகிஸ்தான் 2025லும் தொடங்கின. 14 வயதுச் சிறுமிகளுக்கு இதைப் படிப்படியாகப் போட, 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு 36 கோடி ரூபாய் அறிவித்தது. தடுப்பூசி போட்டாலும் உரிய வயதில் பரிசோதனை அவசியம்.

ஜமாஅத் நிர்வாகிகளே! பெண் மருத்துவர்களைக் கொண்டு முகாம்கள் நடத்துங்கள். வணிகப் பெருமக்களே! செலவை ஏற்று முன்வாருங்கள். இளைஞர்களே! உங்கள் தாயையும் மனைவியையும் நீங்களே அழைத்துச் செல்லுங்கள். வெட்கப்பட வேண்டியது நோய்க்கு அல்ல. தடுக்க வழியிருந்தும் நம் பெண்களை இழப்பதற்கே!