குப்பைக்குப் போகும் பாடநூல்

"சத்தம் வருகிறது, படம் வரவில்லை" என்று சொல்லி, எல்.இ.டி. தொலைக்காட்சிப் பெட்டியைப் பழைய சாமான்காரரிடம் தள்ளிவிடுகிறார்கள் பலர். அந்தப் பெட்டி உண்மையிலேயே செத்துவிட்டதா? பல சமயங்களில் இல்லை என்பதே என் கருத்து.

எளிய சோதனை ஒன்று உண்டு. அறையை இருட்டாக்கிப் பெட்டியை இயக்குங்கள். திரையின்மேல் டார்ச் விளக்கின் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சுங்கள். படம் மங்கலாகத் தெரிகிறதா? அப்படியானால் திரையும் நலம், படத்தைத் தரும் சுற்றும் நலம், பழுது பின்னொளியில்தான்! திரவப் படிகம் தானாக ஒளிர்வதில்லை. பின்னாலிருந்து வரும் ஒளியை வேண்டிய அளவு விடுவதும் தடுப்பதுமே அதன் வேலை. அந்த ஒளியைத் தருபவை, பட்டைகளில் பதித்த சிறு எல்.இ.டி. விளக்குகள். இவை தொடரிணைப்பில் இருப்பதால், ஒன்று அறுந்தாலும் அந்த வரிசை முழுவதும் அணைந்துவிடும். கல்யாண வீட்டுச் சீரியல் விளக்கில் இதைப் பார்த்திருப்பீர்கள்.

வேறொரு வீட்டில் திரை உடைந்த பெட்டி கிடக்கும். அதன் விளக்குப் பட்டைகள் நன்றாகவே இருக்கும். அளவும் மின்னழுத்தமும் பொருந்தினால், பாழான இரண்டு பெட்டிகளிலிருந்து நல்ல பெட்டி ஒன்று கிடைத்துவிடும்.

அனுபவமுள்ள தொழிலாளி இத்துடன் நிற்பதில்லை. விளக்குகளின் ஆயுளைக் குறைப்பது வெப்பம் என்பது அவருக்குத் தெரியும். பல பெட்டிகளில் விளக்குகளின் மின்னோட்டம் ஒரு சிறு மின்தடை வழியே செல்கிறது. அதன் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்தம் மாறாதபடி சுற்று பார்த்துக்கொள்கிறது. அந்த மின்தடையின் மதிப்பைச் சற்றுக் கூட்டினால் மின்னோட்டம் குறையும்; வெளிச்சம் சிறிது மங்கும், ஆயுள் நீளும். இது ஓம் விதி அல்லாமல் வேறென்ன? இதை வெறும் 'மெக்கானிக் வேலை' என்று ஏளனம் செய்பவர்கள் இயற்பியலையே ஏளனம் செய்கிறார்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தின் உச்ச மதிப்பு சுமார் 325 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் பெட்டியினுள் உள்ள மின்தேக்கியில் அது தங்கியிருக்கலாம். பழைய வண்ணப் படக்குழாய்ப் பெட்டிகளோ இன்னும் ஆபத்தானவை. அவற்றில் 20,000 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். குழாயினுள் வெற்றிடம், கண்ணாடியில் ஈயம். ஆகவே எந்தப் பெட்டியையும் நீங்களாகத் திறக்காதீர்கள்.

பின் எப்படிக் கற்பது? ஊரிலுள்ள ரிப்பேர்க்காரரை மாதம் ஒருநாள் பள்ளி ஆய்வுக்கூடத்துக்கு அழைக்கலாமே! அவர் கைவேலையைக் காட்டட்டும். ஆசிரியர் காரணத்தை விளக்கட்டும்.

இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், மறுசுழற்சிப் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது வைக்கின்றன. நல்லதுதான். ஆனால் மறுசுழற்சி என்பது பொருளை உடைத்து உலோகம் எடுப்பது; அது கடைசிப் படி. முதற்படி பழுதுபார்த்தல். அதற்குச் சுற்றுப்படமும் உதிரிப் பாகமும் எவருக்கும் கிடைக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய பொருளின் உள்ளமைப்பை அறியும் உரிமை நமக்கு உண்டு. நாளைய பொறியாளர்களாகிய நீங்கள், திறந்து சீர்செய்யக்கூடிய பெட்டிகளையே வடிவமைக்க வேண்டும் என்று இன்றே முடிவு செய்யுங்கள்!