பிரிந்திருப்பதுதான் பரிசுத்தமா?

தியானப் பகுதி: தானியேல் 1:8–16, 1 கொரிந்தியர் 5:9, 10



படிப்பை முடித்து முதல் வேலைக்குப் புறப்படும் பிள்ளைகளுக்காக ஆலயத்தில் ஜெபிக்கிறோம். ஜெபம் முடிந்ததும் பெற்றோரும் மூப்பரும் அவர்கள் காதில் ஓதும் ஆலோசனை ஒன்று உண்டு: "வேலையைப் பார், வீட்டுக்கு வா, அங்குள்ளவர்களோடு ஒட்டாதே." பக்தியாகத் தோன்றும் இந்த ஆலோசனை வேதத்துக்கு விரோதமானது என்று வெளிப்படையாகவே சொல்கிறேன்.

அண்மையில் ஒரு வாலிபன் என்னிடம் வந்தான். வேலையில் சேர்ந்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. மதிய உணவைத் தனியே உண்பான். தேநீர் இடைவேளையிலும் எவரோடும் போகமாட்டான். அடுத்த இருக்கைக்காரரின் தாயார் இறந்தபோது உடன்பணியாளர் அனைவரும் துக்க வீட்டுக்குச் சென்றார்கள். இவனுக்கோ ஒரு வாரம் கழித்தே தெரியவந்தது. இவனிடம் சொல்லவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. "ஐயா, அவருக்காக ஒரு ஜெபம்கூடச் செய்யவில்லையே" என்று அழுதான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்கு அப்படிப் போதித்த நம்மேல்தான் கோபம்.

பிரிந்து வரும்படி 2 கொரிந்தியர் 6:17 கட்டளையிடுகிறதே என்பீர்கள். ஆம், அது விக்கிரக ஆராதனைக்கு விலகும்படியான கட்டளை. சாப்பாட்டு மேஜையை விட்டு எழுந்துபோகும்படியான கட்டளையன்று. உலகத்தாரோடு சற்றும் கலவாதிருக்க வேண்டுமானால் உலகத்தையே விட்டுப் போகவேண்டியிருக்குமே என்று அதே சபைக்குப் பவுல் முதல் நிருபத்தில் விளக்குகிறார். அவிசுவாசி விருந்துக்கு அழைத்தால் போகலாம் என்பதும் அவருடைய போதகமே (10:27).

ராஜாவின் போஜனத்தைத் தானியேல் மறுத்ததை ஓய்வுநாள் பள்ளியில் கற்பிக்கிறோம். எப்படி மறுத்தான் என்பதைக் கற்பிக்க மறந்தோம். அவன் அதிகாரியிடம் வேண்டிக்கொண்டான். அந்த அதிகாரியின் பயத்தைக் கேட்டறிந்தான். பத்து நாள் சோதித்துப் பார்க்கும்படி விசாரணைக்காரனிடம் பணிவாய்க் கேட்டான். அதிகாரியிடத்தில் தானியேலுக்குத் தயவு கிடைக்கும்படி தேவனே செய்தார் (1:9). முகங்கொடுத்துப் பேசாதவன் அத்தயவை எங்கே பெறுவான்? சிறையில் யோசேப்பும், பானபாத்திரக்காரனும் சுயம்பாகியும் முகம் வாடியிருந்ததைக் கண்டு காரணம் விசாரித்தான் (ஆதியாகமம் 40:6, 7). முகத்தை ஏறிட்டுப் பாராதவனுக்கு வாட்டம் தெரியுமா?

ஆயுத பூஜை நாளில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஆராதனையில் பங்குகொள்ளாதிருங்கள், காரணத்தை மரியாதையோடு சொல்லுங்கள். ஆனால் விடுப்பு எடுத்து ஒளிந்துகொள்ளாதிருங்கள். ஆண்டு முழுவதும் தங்களோடு அமர்ந்து உண்டவனின் மறுப்பை அவர்கள் விசுவாசமாக மதிக்கக்கூடும். ஒருநாளும் அமராதவனின் மறுப்போ வெறும் அவமதிப்பாகவே தெரியும்.

கசப்பான உண்மை ஒன்றும் உண்டு. யாருடைய பாத்திரத்திலிருந்து யார் உண்ணலாம் என்று கணக்குப் பார்ப்பது நம் தேசத்தின் பழைய ஜாதி நோய். அந்த நோய்க்கு வசனத்தை ஆடையாக உடுத்திப் பரிசுத்தம் என்று பெயரிடாதிருப்போம். நம் ஆண்டவர் சமாரியப் பெண்ணிடம் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவர்.

ஆகவே, புதிய வேலையில் சேரும் பிள்ளைகளே, காவலாளி, துப்புரவுப் பணியாளர் உட்பட உங்களைச் சுற்றியுள்ளோரின் பெயர்களை முதல் வாரத்திலேயே அறிந்துகொள்ளுங்கள். சேர்ந்து உண்ணுங்கள். தெரியாததைத் தாழ்மையோடு கேளுங்கள். புறங்கூறுதலுக்கும் பொய்க்கணக்குக்கும் மாத்திரம் விலகுங்கள். பெற்றோரே, உங்கள் பிள்ளைகளைப் பயத்தோடல்ல, ஆசீர்வாதத்தோடு அனுப்புங்கள். உப்பு ஜாடிக்குள்ளேயே இருந்தால் எதற்கு உதவும்?

ஜெபம்: அன்பின் பிதாவே, எங்கள் அருகில் அமர்ந்திருப்பவரின் துக்கத்தை நாங்கள் கடைசியாய் அறிகிறவர்களாய் இராதபடி எங்கள் கண்களைத் திறந்தருளும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.