மோட்டார் மட்டும் விற்றால் போதுமா?

மளிகை மொத்த வியாபாரம் செய்கிற நாங்கள் ரிமோட் கார் மோட்டாரைப் பற்றி எழுதுவதா என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் இன்று நம் உறுப்பினர்களில் பருப்பும் புளியும் மட்டும் வைத்துக் கடை நடத்துகிறவர்கள் எத்தனை பேர்? தீபாவளி, பொங்கல் சீசனில் பாதிக் கடைகளின் வாசலில் தொங்குவது பேன்சி சாமான். எங்கள் மகனும் கடை மாடியில் பேன்சிப் பிரிவு தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. அங்கே நடந்த தவறு எங்களுடையது என்பதால் எழுதுகிறோம்.

இருபது வருடமாக எங்களிடம் வற்றலும் மல்லியும் எடுக்கிற சில்லறைக் கடைக்காரர் ஒருவர், போன சீசனில் தம் ஊர்க் கல்லூரி மாணவர் கேட்டார் என்று ஒரு பிரஷ்லெஸ் மோட்டார் வாங்கிப் போனார். அந்தப் பையனிடம் ஏற்கனவே ஒரு ரிமோட் கார் இருந்தது. வேகம் போதவில்லை, மோட்டாரை மாற்ற வேண்டும் என்பது அவன் ஆசை. நாங்கள் பில் போட்டோம், பணம் வாங்கினோம், அவ்வளவுதான். பத்து நாளில் அவர் ஒரு பையோடு வந்து நின்றார். உள்ளே கருகிப்போன கன்ட்ரோலர்.

"அண்ணாச்சி, மோட்டார் நல்லதுதானே குடுத்தீக? பையன் ரெண்டு வருசம் சேத்த காசு அண்ணாச்சி. நான் என்ன பதில் சொல்ல?"

மோட்டார் நல்லதுதான். குற்றம் வேறு இடத்தில் இருந்தது.

வீட்டு மிக்சி ஓடாமல் போனால் எலக்ட்ரீஷியன் வந்து 'கார்பன் தேய்ந்துவிட்டது' என்று சொல்லி மாற்றுவாரே, அந்தக் கார்பன்தான் பிரஷ். பழைய வகைக் கார் மோட்டாரிலும் அதுவே உண்டு. சுழலும் சுருளுக்கு மின்சாரம் அதன் வழியாகத்தான் போகும். உரசி உரசித் தேயும். பிரஷ்லெஸ் மோட்டாரில் கார்பனே கிடையாது. சுருள் வெளிக்கூட்டில் அசையாமல் நிற்கும். நடுவில் காந்தம் சுழலும். எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் போக வேண்டும் என்பதைக் கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும். பி.எல்.டி.சி. என்று நாம் கடைக்கு வாங்கி மாட்டுகிற மின்விசிறியும் இதே இனம்தான்.

ஆகவே பிரஷ் உள்ள மோட்டாருக்கு இரண்டு கம்பி, பிரஷ்லெஸ்ஸுக்கு மூன்று கம்பி. பையனின் பழைய கன்ட்ரோலரில் இரண்டு கம்பிதான் இருந்தது. அவன் மூன்றாவதை டேப் சுற்றி ஒதுக்கிவிட்டு இரண்டை மட்டும் இணைத்திருக்கிறான். மோட்டார் சுற்றவில்லை. சுற்றாத சுருளில் தடை மிகக் குறைவு. மின்சாரம் வெள்ளமாய்ப் பாய்ந்து கன்ட்ரோலர் புகைந்துவிட்டது. "இதற்கு ஏற்ற கன்ட்ரோலரும் வேண்டும்" என்று நாங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் காசு போயிருக்காது. அரிசி கேட்டு வருகிறவரிடம் இது பொங்கலுக்கா, இட்லிக்கா என்று கேட்டுத்தானே கொடுக்கிறோம்? மோட்டாருக்கு மட்டும் ஏன் வாயடைத்துப் போனோம்? தெரியாத சரக்கு என்பதால்தான்.

புதுக் கன்ட்ரோலர் விலையில் பாதியை எங்கள் கணக்கில் ஏற்றினோம். காரையும் வரவழைத்து எங்கள் பேரன் கையால் பூட்டச் சொன்னோம். அவன் பொறியியல் படிக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் மோட்டார் மாற்றுவது ஒரு சாமான் மாற்றுகிற வேலையல்ல என்று புரிந்தது. அந்த மோட்டார் 3300 கே.வி. இது கிலோவோல்ட் அல்ல. ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு. 7.4 வோல்ட் பேட்டரி போட்டால் சுமை இல்லாமல் நிமிடத்துக்கு 24,420 சுற்று. 11.1 வோல்ட் போட்டால் 36,630. கேட்கவே ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பழைய மோட்டாருக்கென்று செய்த பிளாஸ்டிக் பல்சக்கரம் அந்த வேகத்தைத் தாங்க வேண்டுமே. மோட்டார் தண்டில் பூட்டுகிற சின்னப் பல்சக்கரத்தை இன்னும் குறைந்த பல் உள்ளதாக மாற்றினான். இல்லாவிட்டால் மோட்டார் சுமை தாங்காமல் கொதிக்குமாம். இரண்டு சக்கரங்களின் பல் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். 48 பிட்சும் 32 பிட்சும் சேராது. இரண்டுக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதம் வைத்து நெருக்கிப் பூட்டி, பிறகு காகிதத்தை உருவிவிட்டான். அந்த இடைவெளி போதும். ஒரு இடத்தில் மட்டும் அதட்டினான்: "தாத்தா, அந்த நீள ஸ்க்ரூவைக் குடுக்காதீங்க." மோட்டாரைப் பிடிக்கிற ஸ்க்ரூ அளவுக்கு மீறி நீளமாக இருந்தால் உள்ளே சுருளைக் குத்திவிடுமாம். எண்ணெய் டின்னில் ஆணி இறங்கிய கதைதான்.

பிரஷ்லெஸ் என்றால் பராமரிப்பே வேண்டாம் என்று அட்டையில் போட்டு விற்கிறார்கள். இதை நாங்கள் ஒப்பவில்லை. கார்பன் தேயாது, சரி. பேரிங் தேயாதா? நம் செம்மண் தெருவில் நாலு நாள் ஓட்டினால் தூசி ஏறிக் கரகரவென்று சத்தம் வரும். துடைத்து, மெல்லிய தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட வேண்டும். தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களும் இருக்கிறார்கள்! அது மார்கழிக் குளிரில் உறையும், தூசியோடு சேர்ந்து பிசினாகும். மோட்டாரைக் கழற்றினால் சுத்தமான துணிமேல் வைக்க வேண்டும். இரும்புத் தூள் கிடந்தால் காந்தம் அத்தனையையும் இழுத்துக்கொள்ளும். ஓட்டி முடித்ததும் சூட்டைப் பார்க்க வேண்டும். சாதாரண ரகக் காந்தம் 80 டிகிரி தாண்டினால் பலம் குறையத் தொடங்கும். பிறகு ஆறினாலும் போன பலம் முழுதும் திரும்பாது. விரல் வைத்து நாலு விநாடி தாங்க முடியவில்லை என்றால் அன்றைய ஓட்டத்தை நிறுத்திவிடுவது உத்தமம்.

இதைவிடக் கவலையான விஷயம் பேட்டரி. இந்தக் கார்களுக்கு லித்தியம் பாலிமர் பேட்டரி போடுகிறார்கள். அதை ஒரேயடியாக வடியவிடக் கூடாது. கன்ட்ரோலரில் லித்தியத்துக்கு உரிய நிறுத்த அளவை வைத்துக் கொடுக்க வேண்டும். யாரும் பக்கத்தில் இல்லாமல் சார்ஜ் போடக் கூடாது. உப்பிய பேட்டரி எவ்வளவு விலை என்றாலும் உபயோகத்துக்கு ஆகாது. விற்கிற நமக்கும் இதில் பொறுப்பு உண்டு. வெட்கத்தோடு சொல்கிறோம்: எங்கள் கிட்டங்கியில் இந்தப் பேட்டரிப் பெட்டி சூடம் அட்டைகளுக்கு அடுத்த தட்டில், தகரக் கூரைக்கு நேர் கீழே இருந்தது. தீப்பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது. இப்போது கீழே, தனியாக, நிழலில் வைத்திருக்கிறோம்.

சின்னப் பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்காதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்ற உத்தரவு 2021 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. மோட்டார் மாற்றிய காரோ பொம்மைக் கணக்கிலேயே வராது. மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டுகிற வண்டிகள் உண்டு. காலில் பட்டால் எலும்பு முறியும்.

இத்தனையும் தெரிந்துகொண்டா ஒரு மோட்டார் விற்க வேண்டும், நமக்கு மிஞ்சுகிற லாபம் என்ன என்று எங்கள் மகனே கேட்டான். தெரியாவிட்டால் அந்தச் சரக்கை விட்டுவிடு என்றோம். இப்போது எங்கள் கடையில் மோட்டாரும் கன்ட்ரோலரும் ஜோடியாகத்தான் பில் ஆகும். தனி மோட்டார் கேட்டால் பழைய கன்ட்ரோலரைக் கொண்டுவந்து காட்டச் சொல்கிறோம். இதனால் இரண்டு மூன்று வியாபாரம் கைநழுவியதும் உண்மை.

போன வாரம் அந்தக் கல்லூரி மாணவரே பஸ் ஏறி வந்திருந்தார். காரில் கரகரச் சத்தம் வருகிறதாம், பேரிங் இருக்கிறதா என்று கேட்டார். அதே அளவு பேரிங் நாலு ஜோடி வரவழைத்து வைத்திருந்தோம். ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தோம்.