துல்பாக் கொள்கை மறுப்பு

ஓர் உருவை மனத்தினால் இடையறாது எண்ணி, அதற்குக் குரலும் குணமும் வகுத்து, நாள்தோறும் அதனோடு உரையாடி வருமிடத்து, அஃது ஒருநாள் எண்ணுவானது ஏவலின்றித் தானே விடை பகரும். அன்றுதொட்டு அதனை அவனின் வேறாய அறிவுடைப் பொருளாகவே கொள்ளல் வேண்டும் என்பதொரு கொள்கை 2010-ஆம் ஆண்டினை அடுத்து மேனாட்டு இளைஞரிடையே பரவலாயிற்று. அங்ஙனம் ஆக்கப்பட்ட மனத்துணைக்குத் 'துல்பா' எனப் பெயரிடுவர். ஆக்கினோனும் துல்பாவும் ஓருடம்பை மாறிமாறி ஆளலாம் என்னுமளவும் இவருட் சிலர் செல்கின்றனர். இதனை விளையாட்டுப் பேச்சென்று தள்ளிவிடுதல் தகாது. தம் பழக்கத்திற்குத் திபெத்து நாட்டுத் தொன்மையை இவர் சான்று காட்டுகின்றனர். அது கேட்டார்க்கு, சைவர் செய்யும் தியானமும் ஆவாகனமும் இவ்வினத்தனவே போலும் என்னும் மயக்கமும் எழுதற்கு இடமுண்டாகின்றது. முன்னது வரலாற்றுப் பிழை. பின்னது சமயப் பிழை. இரண்டற்கும் வேராய்க் கிடப்பது உயிரின் இயல்பை உணராமை.

சிவஞான சித்தியார் பரபக்கத்தில் அருணந்தி சிவாசாரியர் புறச்சமயத்தார் கூற்றினை அவரவர் கூறுமாறே நிறுத்திய பின்னரன்றோ மறுக்கப் புகுந்தார். அம்மரபு பற்றித் துல்பாவாதிகளது கொள்கையும் அதன் வலிய நிலையில் வைத்தே நோக்கற்பாலது.

இவர்க்குத் தலையாய சான்று, பிரான்சு நாட்டினராகிய அலெக்சாண்ட்ரா டேவிட்-நீல் அம்மையார் (1868–1969) கூறிய தம் வரலாறு. இவர் 1924-ஆம் ஆண்டில் மாறுவேடம் பூண்டு லாசா நகர் புக்கவர். திபெத்து மொழி வல்லவர். ஆகலின் இவர் கூற்று எளிதில் இகழத்தக்கதன்று. திபெத்தியத் துறவிகளையும் மந்திரவாதிகளையும் பற்றி 1929-ல் வெளிவந்த தம் நூலில் இவர் கூறுவது இது: துல்பா ஒன்றனை ஆக்கிப் பார்க்க விரும்பிய அம்மையார், அந்நாட்டுத் தேவ வடிவங்கள் தம் மனத்தைக் கவர்ந்து நின்றமையின் அவற்றை வேண்டுமென்றே ஒதுக்கி, குறுகிப் பருத்த, கள்ளமற்ற, நகைமுகமுடைய துறவி ஒருவனது உருவைத் தெரிந்துகொண்டார். தனித்திருந்து, விதித்தவாறே மனத்தை ஒருக்கிச் சில திங்கள் எண்ணிவர, உரு நிலைபெற்றது. வீட்டிற்கு வந்த விருந்தினன்போல உடனுறைந்தது. பின்னர்ப் பயணம் புறப்பட்டபோது அதுவும் உடன் சென்றது. ஏவாதவற்றையும் செய்தது, நடந்தது, நின்றது, சுற்றுமுற்றும் நோக்கிற்று. அதன் ஆடை மேலே உரசுவது போலவும், கையொன்று தோளைத் தீண்டுவது போலவும் சிற்சில வேளை அம்மையார்க்குத் தோன்றிற்று. நாட்செல்லச் செல்லப் பருத்த உடல் மெலிந்தது, நகைமுகம் ஏளனமுகமாயிற்று, கரவும் தீமையும் அதிற் குடிகொண்டன. வெண்ணெய் கொணர்ந்த இடையன் ஒருவன் கூடாரத்தில் அதனைக் கண்டு மெய்யான இலாமா என்றே கருதினானாம். தம் வயத்தின் நீங்கியமை கண்டு அம்மையார் அதனைக் கலைக்கத் துணிந்து, ஆறு திங்கள் அரும்பாடுபட்டுக் கலைத்தார்.

இவ்வரலாற்றை எடுத்துக்காட்டுவோர், இதன் இறுதியில் அம்மையார் தாமே கூறிய முடிபினை மாத்திரம் எடுத்துக்காட்டுவதில்லை. தம் மனமயக்கத்தைத் தாமே ஆக்கிக்கொண்டிருத்தல் கூடும் என்பதில் வியப்பொன்றுமில்லை, பிறர் அதனைக் கண்டதே ஆராயத்தக்கது என்பது அவர் கூற்று. ஆக்கியவரே உயிரென்று சாதியாத ஒன்றை, அவர் நூலைப் படித்தவர் உயிரென்று சாதிக்கின்றனர். இனி இடையன் கண்டதோவெனின், அஃது அம்மையார் கூற வந்ததேயன்றி இடையன் வாயிலாக வந்ததன்று. காண்டல் அளவையுள் ஐயக்காட்சியும் திரிவுக்காட்சியும் கழித்தன்றோ மெய்க்காட்சி கொள்ளப்படும்? ஒருவர் ஒருகாற் கண்டதாகப் பிறரொருவர் கூறும் ஒன்று அக்கழிவுக்கு எவ்வாற்றானும் தப்பாது.

திபெத்துத் தொன்மை என்பதும் ஆராயின் நிற்பதன்று. திபெத்து மொழிச் சொல் வடமொழியில் 'நிர்மாணம்' எனப்படுவதன் பெயர்ப்பு. புத்தரும் போதிசத்துவரும் உயிர்களை உய்விக்கும்பொருட்டு மேற்கொள்ளும் வடிவத்தை அது குறிக்கும். 'துல்கு' என்று வழங்கும் பிறவித் தொடர்புடைய இலாமாக்களின் பெயரும் நிர்மாணகாயம் என்னும் பொருளதே. தனித்திருக்கும் ஒருவன் தன் பொழுதுபோக்குக்கு ஒரு தோழனை ஆக்கிக்கொள்ளுதல் என்னும் பொருள் அதன்கண் இல்லை. அப்பொருள் வந்தவாறு யாங்ஙனம் எனின், 1882 முதல் அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையார், எண்ணங்கள் நுண்ணிய உருக்கொண்டு உலவும் என்று போதித்தனர். அன்னி பெசன்ட் அம்மையாரும் லெட்பீட்டரும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ண வடிவங்கள் பற்றியே வண்ணப் படங்களோடு ஒரு நூல் செய்தனர். டேவிட்-நீல் அம்மையாரும் இளமையில் அச்சபையிற் சேர்ந்தவரே. நடாஷா மிக்கிள்ஸ், ஜோசப் லேக்காக் என்னும் ஆய்வாளர் இருவர் 2015-ல் வெளியிட்ட கட்டுரையில், இன்று வழங்கும் துல்பாக் கருத்துத் திபெத்தியச் சொல்லும் பிரம்மஞானப் பொருளும் கலந்து பிறந்ததெனக் காட்டியுள்ளனர். திபெத்துப் பெயர் சூட்டி மேனாடு சென்ற சரக்கில் அடையாற்றுச் சரக்கும் கலந்திருந்தது போலும்.

பௌத்தர் செய்யும் தேவதா பாவனையும் துல்பாவுக்குத் துணைசெய்யாது. அவர் முதற்கண் அனைத்தையும் சூனியமாகப் பாவித்து, அதன்கண் தேவ வடிவை எழுப்பி, பாவித்த அவ்வடிவின்கண் ஞானவடிவை அழைத்து நிறுத்தி, முடிவில் அனைத்தையும் மீளவும் சூனியத்தில் ஒடுக்குவர். எழுப்புதலினும் ஒடுக்குதலே அவர்க்குத் தலையாயது. வடிவின்கண் பற்று வையாமைப் பொருட்டே அது விதிக்கப்பட்டது. ஆன்மா என்றொரு பொருளே இல்லையென்னும் அவர், தாம் பாவித்ததோர் உருவுக்கு ஆன்மா உண்டென யாங்ஙனம் உடன்படுவர்? சைவர்க்கும் பௌத்தர்க்கும் உள்ள வழக்குப் பழையது, அது தீர்ந்ததுமன்று. ஆயினும் அவர் கூறாத ஒன்றை அவர்மேல் ஏற்றிக் கூறுவாரை மறுத்தற்கண் இருவரும் ஒருபக்கத்தினரே.

இனி, ஏவாமலே விடை பகர்கின்றதே, அதனால் அது வேறு அறிவென்பது பெறப்படுமன்றோ எனின், பெறப்படாது. கனவிற் காண்பார் பலர் பேசுகின்றனர், சினக்கின்றனர், காண்பான் எதிர்பாராதன கூறி அவனைத் திடுக்கிடச் செய்கின்றனர். விழித்தபின் அவரையெல்லாம் உயிர்களென்று எவனும் கணக்கெடுப்பதில்லை. கதை புனைவார்க்கும் இஃது உண்டு. அமெரிக்க உளநூலார் மார்ஜோரி டெய்லரும் உடனாய்வாளரும் 50 எழுத்தாளரை வினவி 2003-ல் வெளியிட்ட ஆய்வில், தாம் படைத்த கதைமாந்தர் தம் விருப்பின்றித் தாமே பேசுவதும் செய்வதும் போன்ற உணர்ச்சி 100-க்கு 92 பேரிடம் ஏதேனும் ஓரளவிற் காணப்பட்டது. பலநாட் பழகிய செயலில் முயற்சி தோன்றாது. வீணை வல்லான் விரல் அவன் எண்ணுமுன் நரம்பிற் செல்கின்றது. அதுபற்றி விரலுக்கு வேறோர் உயிர் உண்டென்பார் இலர். நாள்தோறும் ஒரு குரலிற் பேசிப் பழகிய மனம் அக்குரலில் முந்துற விடை கூறுதலும் அத்தகையதே.

கனடா நாட்டு டொராண்டோவில் 1972-ல் ஒரு குழுவினர், பிலிப் என்னும் பெயரால் 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் செல்வன் ஒருவனது வரலாற்றை முழுவதும் பொய்யாகப் புனைந்து, அவனை ஆவியாக அழைக்க முயன்றனர். நெடுநாட்குப் பின் அவர் சூழ்ந்திருந்த மேசையில் தட்டும் ஒலி எழுந்து வினாக்களுக்கு விடை தந்ததென்பர். ஒலி எழுந்தவாறு எவ்வாறாயினும் ஆகுக. அவ்விடைகள் குழுவினர் புனைந்ததும் அறிந்ததும் ஆகியவற்றின் எல்லையைக் கடந்தில என்பதே ஈண்டைக்கு வேண்டுவது. துல்பாவாதிகளும் தம் துல்பா தாம் அறவே அறியாத ஒன்றை அறிவித்ததென நிறுவினாரல்லர். ஆக்கியவனது அறிவின் எல்லையே தன் எல்லையாக உடையது அவனது அறிவேயன்றி வேறாதல் யாங்ஙனம்?

பதஞ்சலியார் யோக சூத்திரத்துக் கைவல்ய பாதத்தில் நிர்மாண சித்தங்கள் கூறப்படுதலின் யோகிக்கு மனங்களைப் படைத்தல் கூடுமன்றோ என வடநூல் வல்லார் சிலர் வினாவக்கூடும். அடுத்த சூத்திரத்தையும் அவர் நோக்குவாராக. பலவாய அச்சித்தங்களைத் தொழிற்படுத்துவது ஒரு சித்தமே என்று அங்கேயே கூறப்பட்டது. யோகி கருவிகளைப் பலவாக்கினான், அறிவோன் ஒருவனே.

சித்தாந்தத்தில் இவ்வழக்குக்கு இடமே இல்லை. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணம் நான்கும் மாயையின் காரியம், ஆகலின் சடம். சடத்தினின்றும் சித்துத் தோன்றுமென்பது, பூதச் சேர்க்கையில் அறிவு பிறக்குமென்ற உலகாயதன் கூற்றே வேறு உடை உடுத்து வந்ததாம். அவன் நிலமும் நீரும் கூட்டினான், இவர் எண்ணமும் எண்ணமும் கூட்டுகின்றனர். பதியைப் போலவே பசுவும் பாசமும் அனாதி. உயிர்களை இறைவனும் படைப்பதில்லை; தனு கரண புவன போகங்களையே படைத்து அவற்றிற்குக் கூட்டுகின்றான். இறைவனுக்கும் கூறப்படாத உயிர்ப் படைப்பைப் பதினெட்டு ஆண்டு நிரம்பாத இளைஞனொருவன் தன் படுக்கையறையில் இருந்து செய்தான் எனக் கூறுவார் துணிவே துணிவு! முன்னரே உள்ள பிறிதோர் உயிர் அவ்வுருவிற் வந்து புகுந்தது எனின், அது படைப்பாகாது; பேய்க்கு மனை அமைத்துக் கொடுத்ததாய் முடியும். அதனை அவர்தாமும் விரும்பார்.

சைவர் தியானமும் அற்றோ எனின், அன்று. தியானிக்கும் வடிவத்தை அடியவன் தன் விருப்பிற்கேற்ப வகுத்துக்கொள்வதில்லை. அஃது ஆகமத்தால் விதிக்கப்பட்டது. பூசையிலும் ஆசனம், மூர்த்தி, மூலம் என வேறுபாடு உண்டு. மூர்த்தியைப் பாவித்து அமைப்பான் பூசகன். மூலமந்திரத்தால் ஆவாகிக்கப்படுவோன் எங்கும் நிறைந்து முன்னரே உள்ள இறைவன். பாவித்த மூர்த்தியே சிவமென்றும், அச்சிவத்தைத் தான் ஆக்கினானென்றும் எந்தப் பூசகனும் எண்ணுவதில்லை. துல்பாவாதி மூர்த்தியை அமைக்கின்றான். அழைத்தற்கு ஒருவரும் இன்மையின் மூர்த்தியோடே பேசிக்கொண்டிருக்கின்றான். பாவனையுட்பட்டது யாதாயினும் அது சத்தாகாது என்பதும், எவ்வாற்றானும் உணரப்படாதது சூனியமாம் என்பதும், சிவம் அவ்விரு திறத்தினும் அடங்காது அருளாலே உணரப்படும் என்பதும் சிவஞானபோதம் ஆறாம் சூத்திரத்தின்கண் தெளிக்கப்பட்டன. மனத்தாற் செய்த உருவைக் கடவுளென்று மயங்காமைப் பொருட்டு இத்துணை எச்சரிக்கை செய்த சமயத்தை, மனத்தாற் செய்த உருவை உயிரென்று கொண்டாடும் கொள்கையோடு ஒருங்கு வைத்தல் எவ்வளவு முறைகேடு!

கருட பாவனையைக் காட்டி இதனை வலியுறுத்தக் கருதுவார்க்கும் விடை உண்டு. மாந்திரிகன் தன்னைக் கருடனாகப் பாவிக்க விடம் நீங்குகின்றது என்பது ஒன்பதாம் சூத்திரப் பகுதியிற் காட்டப்படும் உவமை. ஆண்டு விடத்தை நீக்குவது அவன் மனத்தெழுந்த பறவை உருவன்று, மந்திரத்தை இடமாகக்கொண்டு பயன் தரும் சிவசத்தியே என்பது சிவஞான முனிவர் உரையான் விளங்கும். பாவனை வாயில்; பயன் தருவது பாவனையின் வேறாய மெய்ப்பொருள். அம்மெய்ப்பொருளை நீக்கி வாயிலை மட்டும் கொண்டாற்கு, விடந்தீண்டியவன் முன்னிலையிற் கைவீசி நின்றதே எஞ்சும்.

இத்துணையும் கூறியவழி, உயிராயினும் அன்றாயினும் தனிமையுற்றார்க்கு ஆறுதலாகின்றதே, அதனைப் பறிப்பானேன் என்பார் உளர். இவ்வினா இரக்கத்தோடு கேட்கப்படுவதாகலின் இகழற்பாலதன்று. மெக்கில் பல்கலைக்கழகத்து மானிடவியலார் சாமுவேல் வெய்சியேர் இப்பழக்கத்தினரை ஆராய்ந்தபோது, அவருட் பெரும்பாலார் தனிமையும் கூச்சமும் உடைய இளைஞராதலும், துல்பாவினால் தமக்கு நலமுண்டாயிற்றென அவரே கூறுதலும் கண்டனர். அவர் நலமுற்றதாகக் கூறுவதைப் பொய்யெனல் வேண்டா. எனினும் உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. பளிங்கு தன்னை அடுத்த நிறத்தையே காட்டும். அடியாரிணக்கம் பன்னிரண்டாம் சூத்திரத்தில் விதிக்கப்பட்டது இவ்வியல்பு பற்றியே. தன்னின் வேறாய ஒருவரைச் சார்ந்தாலன்றோ தன்பால் இல்லாததொன்று வந்தெய்தும்? மெய்யான தோழன் இடித்துரைப்பான். இவன் அறியாதது அறிவான். நோய் வந்துழி நீர் கொணர்வான். இவனும் அவனுக்குக் கொணரல் வேண்டும். துல்பாவின்பால் இவற்றுள் ஒன்றுமில்லை. அது புகழ்ந்தால் இவன் தன்னைப் புகழ்ந்துகொண்டதாம். டேவிட்-நீல் அம்மையாரது துறவியைப்போல் ஏளனஞ் செய்யத் தொடங்கின், அவ்வேளனமும் இவனது மனத்தினின்றே வந்தது. அதனின்றும் எழுந்து அயலறைக்குச் சென்று தப்புதலும் கூடாது. தனிமையுற்ற பிள்ளைக்கு அவன் நிழலையே துணையாகக் காட்டி அமைதியுறும் பெற்றோரும் ஆசிரியரும் உளராயின், அவன் கதவைத் தட்டுதற்கு வேறு யார் உளர்?

துல்பா வேறோர் உயிரே என்று இன்னும் சாதிப்பார், ஒன்றற்கு விடை கூறுதல் வேண்டும். ஆக்கியவன் சலித்தபோது அதனைக் கலைத்துவிடலாமென்று அவர் உடன்படுகின்றனரா? உடன்படின், அறிவும் உணர்வும் உடையதென்று தாமே கூறிய ஒன்றனை அழிப்பதற்குக் கொலை என்பதன்றிப் பிறிது யாது பெயர் வைப்பர்? கலைத்தல் ஆகாது எனின், ஆறு திங்கள் முயன்று தம் துறவியைக் கலைத்த அம்மையாரைத் தம் கொள்கைக்கு முதற்சான்றாக எங்ஙனம் வைத்துள்ளனர்? இரண்டனுள் ஒன்றனை அவர் தெரிந்து கூறுவாராக.