11 தலைக்கு ஒரே கைநாட்டு

கூட்டுக் குடும்பம் அழிஞ்சுபோச்சே என்று சாதி இந்துப் பத்திரிகைகள் வருஷா வருஷம் ஒப்பாரி வைக்கின்றன. எந்தப் பொங்கல் மலரைப் புரட்டினாலும் முற்றம், ஊஞ்சல், தாத்தா, பாட்டி, பந்திப்பாய். சேரியிலும் கூட்டுக் குடும்பம் இருந்தது, இப்பவும் இருக்கிறது. அதுக்கு முற்றமும் இல்லை, ஊஞ்சலும் இல்லை. அது முழுசாய் ஒன்றுகூடுவது பெரும்பாலும் ஊரைவிட்டுக் கிளம்புகிற அன்றைக்குத்தான்.

எங்க குடும்பத்தையே சொல்கிறேன். காரைக்கால் பகுதியில் அரசலாற்றுத் தண்ணியை நம்பிக் கிடந்த ஒரு சேரி எங்களுடையது. 2002-லும் 2003-லும் காவிரி கைவிட்டது. கடைமடைக்கு என்ன மிஞ்சும்? நடவு இல்லாத ஊரில் நடவாளுக்கு என்ன வேலை? 2004 பொங்கல் கழிந்ததும் செங்கல்பட்டுப் பக்கம் சூளைக்குப் போவது என்று முடிவாயிற்று.

மேஸ்திரி வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "ஜோடி எத்தனை?" என்றார். அப்பா அம்மா ஒரு ஜோடி, சித்தப்பா சின்னம்மா ஒரு ஜோடி, அண்ணன் அண்ணி ஒரு ஜோடி. புருஷனைப் பறிகொடுத்த அத்தை ஜோடியில் சேரவில்லை. அப்பாயியும் நாங்கள் மூணு பிள்ளைகளும் கணக்கிலேயே இல்லை. ஜோடிக்கு இவ்வளவு என்று அட்வான்ஸ் பேசி, நோட்டில் அப்பாவின் கைநாட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி எனக்கு இன்னும் மறக்கவில்லை. மாசக்கணக்கில் முகம் பார்க்காத அம்மாவும் சின்னம்மாவும் ரெண்டு வீட்டுச் சட்டி பானையையும் ஒரே சாக்கில் அடைத்தார்கள். அத்தை கருவாட்டைத் துணியில் முடிந்து அரிசி மூட்டைக்குள் செருகினாள். அண்ணன் தார்ப்பாயை விரித்து ஓட்டை பார்த்தான். அப்பாயி மட்டும் ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது: "கஞ்சியோ தண்ணியோ, எல்லாரும் ஒரே எடத்துல குடிப்போம். யாரையும் உட்டுட்டுப் போவாதீங்கடா."

பாசம்தான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் மேஸ்திரிக்கு வேண்டியதும் அதேதான்.

சூளையில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். விடியுமுன்னே மண் மிதிக்க வேண்டும், அச்சில் போட்டுக் கல் அறுக்க வேண்டும், காய்கிற கல்லைத் திருப்பிப் போட வேண்டும், அடுக்க வேண்டும். கூலி ஆளுக்கு இல்லை, ஆயிரம் கல்லுக்கு. ஆயிரம் ஆகணும் என்றால் அத்தை கையும் வேண்டும், பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளை கையும் வேண்டும். மழையில் கரைந்த கல்லுக்குக் காசு கிடையாது. தனியாள் என்றால் ஒரு ராத்திரி பஸ் ஏறிவிடலாம். கிழவியையும் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு யார் ஓட முடியும்? எங்களைக் கட்டிப்போட சங்கிலி தேவைப்படவில்லை. அப்பாயி சொன்ன அந்த வார்த்தையே போதுமாயிருந்தது.

இது புதுசு இல்லை தோழர்களே. நம்ம காரைக்கால் துறைமுகத்துக்கே இந்தக் கதை தெரியும். 1848-ல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குக் கூலிகளைக் கப்பல் ஏற்றினார்கள். 1861-ல் பிரிட்டனும் பிரான்சும் போட்ட ஒப்பந்தம் என்ன சொன்னது? தோட்டங்களுக்கு ஆளைப் பங்கிடும்போது புருஷன் பெண்டாட்டியைப் பிரிக்கக் கூடாது, 15 வயசுக்குக் கீழ் உள்ள பிள்ளையைத் தாய் தகப்பனிடமிருந்து பிரிக்கக் கூடாது என்றது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் தோட்டத்துக் கொடுமை அந்த விதியால் குறையவில்லை. கடைசியில் 1882-ல் ரெயூனியனுக்கும் 1888-ல் கரீபியன் தீவுகளுக்கும் ஆள் அனுப்புவதையே பிரிட்டிஷ் இந்திய அரசு நிறுத்த வேண்டிவந்தது. ஒன்று மட்டும் கவனியுங்கள். அந்தக் காலத்தில்கூட கப்பல் ஏறின ஆட்களின் பேர் பதிவேட்டில் ஏறியது. 2004-ல் என் அத்தை பேர் எந்த நோட்டிலும் ஏறவில்லை.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி ஆளைக் கட்டிப்போடுகிற அட்வான்ஸ் கடனே செல்லாது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்கினால் அது கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது. வாஞ்சூரைத் தாண்டி நாகூரில் கால் வைத்தாலே காரைக்கால்காரன் வேறு மாநிலத்துக்குப் போனவன் ஆகிறான். அப்படிப் போகிறவர்களுக்காக வந்த 1979 சட்டம், ஆளாளுக்குப் போட்டோ ஒட்டின பாஸ்புக் கொடு, இடப்பெயர்வுப் படி கொடு என்றது. எங்களுக்கு அப்படியொரு புத்தகத்தை யாரும் கண்ணில் காட்டியதில்லை. 2025 நவம்பர் 21-ல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்தபோது அந்தச் சட்டமே போய்விட்டது. 5 பேர் இருந்தால் போதும் என்றிருந்தது 10 பேர் ஆயிற்று; இடப்பெயர்வுப் படியும் காணாமல் போயிற்று.

ஊரிலேயே கிடங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. இந்தியக் கிராமம் நமக்கு என்னவென்று 1948-ல் அரசியல் நிர்ணய சபையிலேயே அம்பேத்கர் போட்டு உடைத்துவிட்டார். ஊரைவிட்டுப் போவது நமக்குத் துக்கமில்லை. யார் கணக்கில் போகிறோம் என்பதுதான் கேள்வி.

அஞ்சு மாசம் கழித்துக் கணக்கு முடிக்கும்போது அத்தை எழுந்து கேட்டாள்: "என் கூலி எங்க?" மேஸ்திரி சிரித்தார். "ஒன் அண்ணங்கிட்டக் கேளு." அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவரிடமும் பதில் இல்லை. மேஸ்திரியை மட்டும் திட்டிவிட்டு நாம் தப்பிக்க முடியாத இடம் அதுதான். 11 பேர் உழைப்பு ஒரு ஆம்பளை கைநாட்டுக்குள் அடங்கிப்போனதைக் குடும்பம் என்று நாமும்தானே ஏற்றுக்கொண்டோம்?

அடுத்த தைக்கு முன்னால், மூட்டை கட்டுகிற ராத்திரியில் சேரிக்குப் போங்கள் தோழர்களே. கூட்டம் போடவேண்டாம், ஒரு நோட்டு போதும். போகிற ஒவ்வொருவர் பேர், வயசு, எந்த ஊர்ச் சூளை, மேஸ்திரி யார், அட்வான்ஸ் எவ்வளவு, அதை யார் வாங்கினது என்று எழுதுங்கள். ஒரு பிரதி ஊரில் இருக்கட்டும், ஒன்று அவர்கள் கையில் போகட்டும். கூலி ஆளாளுக்குத் தனித்தனியாய் வரணும் என்று அந்த ராத்திரியே பேசி முடிவெடுக்க வையுங்கள். பிள்ளைகளை ஊரில் வைத்துப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். யாரும் இல்லையென்றால் சங்கம் பொறுப்பெடுக்கட்டும்.

ஜோடி சேராத அத்தைகளின் பேரை முதலில் எழுதுங்கள்.