தீண்டத்தக்கவராக வந்த கடவுள்

டிசம்பர் பிறந்தால் கோயிலில் குடில் கட்டுவது யார்? மூங்கில் வெட்டுவதும், வைக்கோல் சுமப்பதும், நட்சத்திரம் கட்ட மரமேறுவதும் நம் தெருப் பையன்கள்தான். கட்டி முடித்த குடிலுக்கு முன்னால் முதல் வரிசையில் நிற்பது யார் என்பதையும் பார்த்தே வளர்ந்தோம்.

அதனால் நேராகவே கேட்கிறோம். சாதி பார்க்கும் ஒருவரால் கிறிஸ்துமஸ் கொண்டாட முடியுமா? கேக் வெட்டலாம், புதுத்துணி உடுத்தலாம், நள்ளிரவுத் திருப்பலிக்கும் போகலாம். ஆனால் அது கிறிஸ்துமஸ் ஆகுமா?

கிறிஸ்தவ விசுவாசத்தின்படி அந்த நாளின் பொருள் ஒன்றுதான்: கடவுள் மனித உடல் எடுத்தார். எந்த உடலை எடுத்தார் என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. லூக்கா நற்செய்தியைத் திறந்து பாருங்கள். விடுதியில் இடம் கிடைக்கவில்லை. பிறந்த குழந்தையைத் தீவனத் தொட்டியில் கிடத்துகிறார்கள். முதல் செய்தி அரண்மனைக்கும் போகவில்லை, தலைமைக் குருவுக்கும் போகவில்லை. இரவில் ஆடு காத்துக் கிடந்த இடையர்களுக்குப் போகிறது. பிறகு குழந்தையைக் கோவிலுக்குக் கொண்டுபோகும்போது பெற்றோர் கொடுக்கும் காணிக்கை ஒரு சோடிப் பறவை. ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்கு யூதச் சட்டம் அனுமதித்த காணிக்கை அது. அதாவது, அந்தக் குடும்பம் ஏழை என்று வேதமே எழுதி வைத்திருக்கிறது.

வளர்ந்த இயேசு என்ன செய்தார்? யாரும் தொடக்கூடாத தொழுநோயாளியைக் கைநீட்டித் தொட்டார். தீட்டு என்று ஒதுக்கப்பட்ட பெண் தன்னைத் தொட்டபோது அவரை விரட்டவில்லை. தொடவும் தொடப்படவும் கடவுள் உடல் எடுத்த நாள்தான் கிறிஸ்துமஸ். சாதியோ, இந்த உடலைத் தொடாதே என்கிறது. அப்படியானால் தீண்டாமை வெறும் சமூகக் குற்றம் மட்டுமல்ல, கிறிஸ்துமஸையே மறுப்பது.

“ஆன்மீகத்தில் அரசியலைக் கலக்காதீர்கள்” என்று உடனே ஒரு குரல் வரும். வயிற்றில் பிள்ளையோடு மரியா பாடிய பாடலில் வலியோர் அரியணையிலிருந்து இறக்கப்படுகிறார்கள், பசித்தோர் நிறைவு பெறுகிறார்கள். அதை என்னவென்று சொல்வீர்கள்? கோயிலுக்குள் சாதியைக் கொண்டுவந்து கலந்தது யார்? 1872இல் கட்டப்பட்ட வடக்கன்குளம் கோயிலுக்குக் ‘கால்சட்டைக் கோயில்’ என்றே பெயர். சாதிகள் தனித்தனியாக நின்று பூசை காண்பதற்காகவே இரண்டு கூடங்கள் வைத்துக் கட்டினார்கள். பழைய கதை என்று தள்ள முடியாது. 2008 மார்ச்சில் எறையூரில், தனிப் பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. தாக்கியவர்களும் அதே பலிபீடத்தில் நற்கருணை வாங்கியவர்கள்தான்.

திருச்சபைக்கு இது தெரியாததல்ல. 2003இல் தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தார். 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கையில் திருச்சபைக்குள் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. ஆனால் அறிக்கை வேறு, கல்லறைச் சுவர் வேறு. அறிக்கை வந்துவிட்டது, செத்த பிறகும் பிரித்து வைக்கும் சுவர்கள் பல ஊர்களில் நின்றுகொண்டுதான் இருக்கின்றன.

இன்னொரு பக்கம் அரசு. 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவரும் தலித் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். இந்த மதத் தடையை நீக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அறிக்கை கொடுத்தும் எதுவும் நடக்கவில்லை. ஆகஸ்ட் 10ஐத் திருச்சபை கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறது. அந்தப் போராட்டத்தில் நாமும் நிற்கிறோம், நிற்போம். ஆனால் டில்லியில் “மதம் மாறியும் சாதிக் கொடுமை தொடர்கிறது” என்று சொல்லிவிட்டு, பங்கில் வந்து “நம்மிடம் சாதியே இல்லை” என்று பேசும் இரட்டை நாக்கை எப்படிப் பொறுப்பது?

1968 டிசம்பர் 25. ஊரெங்கும் நட்சத்திரம் எரிந்த அந்த இரவில்தான் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். கூலி கேட்டவர்களின் பெண்களும் பிள்ளைகளுமே அதிகம். அவர்கள் எந்த மதம் என்ற கேள்வியே நமக்கு வேண்டாம். தீவனத் தொட்டியில் பிறந்தவர் அன்றிரவு எந்தப் பக்கம் இருந்திருப்பார் என்பதில் விசுவாசிக்குச் சந்தேகம் வரலாமா?

தம்பிகளே, தங்கைகளே, இந்த ஆண்டு மூங்கில் வெட்டப் போகும் முன் பங்குத்தந்தையிடமும் பங்குப்பேரவையிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். கல்லறைத் தோட்டம் ஒன்றா, இரண்டா? திருவிழாத் தேர் நம் தெருவுக்கு வருமா? கேரல் பாட வருகிறவர்கள் நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து சாப்பிடுவார்களா?

பதில் சரியில்லையென்றால் அந்தக் குடிலை நாம் கட்ட வேண்டாம். சுவர் எழுப்பத் தெரிந்தவர்களுக்கு மூங்கில் கட்டவும் தெரியட்டும். நம் குடிலை நம் தெருவில் கட்டுவோம். வணங்க விரும்புகிறவர்கள் நடந்து வரட்டும். பெத்லகேமுக்கு இடையர்களும் நடந்துதான் போனார்கள்.

ஜெய்பீம்!