விதையோடு மகரந்தமும் கைமாறட்டும்

நாட்டு விதைகளைக் கொடுத்து வாங்கும் பழக்கம் தமிழ்நாட்டில் மறுபடியும் வேர்பிடித்திருக்கிறது. ஆனால், இருப்பதைக் காப்பாற்றுவதோடு நாம் நின்றுவிடுகிறோம். இரண்டு ரகங்களைச் சேர்த்து மூன்றாவதை உருவாக்குவது பல்கலைக்கழகத்தின் வேலை, விதைக் கம்பெனியின் வேலை என்று ஒதுங்கிக்கொள்கிறோம். இதற்கு முக்கியக் காரணம் இடப்பற்றாக்குறை. தாய்ச்செடி, தந்தைச்செடி இரண்டும் வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் பூக்கவும் வேண்டும். மாடியில் பத்துத் தொட்டி வைத்திருப்பவருக்கு இது எங்கே அமையும்? தந்தைச்செடியின் மகரந்தம் மட்டும் ஒரு சிறு பொட்டலத்தில் வந்து சேர்ந்தால் இந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிடும். தூரத்து ரகங்கள் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு மாம்பழமே சாட்சி. தெற்கின் நீலத்தையும் வடக்கின் தசேரியையும் டெல்லி வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் இணைத்ததால்தான் மல்லிகாவும் ஆம்ரபாலியும் நமக்குக் கிடைத்தன.

மகரந்தத்தை மனிதர் கையால் சேர்ப்பது புதிதும் அல்ல. பேரீச்சந்தோப்பில் அதைச் செய்யும் தோட்டக்காரரைப் பற்றி ஹமுராபியின் சட்டமே பேசுகிறது. வீட்டில் பழகுவதற்குக் கத்தரி நல்ல செடி. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளுக்கத்தரியையே எடுத்துக்கொள்வோம். அதன் மகரந்தப் பைகள் நுனியில் உள்ள சிறு துளை வழியாகத்தான் தூளை விடும். அன்று விரிந்த பூவைக் கறுப்புக் காகிதத்தின் மேல் தட்டினால் வெளிறிய தூள் விழுவது கண்ணுக்கே தெரியும். அதைச் சில மணி நேரம் நிழலில் உலர்த்தி, பட்டர் பேப்பரில் மடித்து, ரகத்தையும் தேதியையும் எழுதி, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் ஃப்ரீசரில் வைக்க வேண்டும். ஈரம்தான் பெரிய எதிரி. வெளியே எடுத்த டப்பா அறையின் வெப்பத்துக்கு வரும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. திறந்தால் உள்ளே நீர் கோத்துவிடும். பெறுகிற செடியில், மறுநாள் விரியப்போகும் மொட்டின் மகரந்தப் பைகளை முந்தின மாலையே நீக்கி, மெல்லிய உறையால் மூடி, காலையில் சூல்முடியில் தூளைத் தடவ வேண்டும்.

எல்லாப் பயிருக்கும் இது ஒத்துவராது. நெல்லின் மகரந்தம் சில நிமிடங்களில் செத்துவிடும். பூசணியினுடையதும் நீண்ட நாள் தாங்காது. தக்காளி, கத்தரி, ரோஜா, லில்லி வகைகளின் மகரந்தம் உலர்த்தலையும் குளிரையும் தாங்கக்கூடியது. புது ரகம் எடுக்க ஆயிரக்கணக்கான செடிகள் வேண்டுமே என்பார்கள். குணங்கள் இரண்டாம் தலைமுறையில்தான் பிரிந்து வெளிப்படும், அப்போது அதிகச் செடிகள் தேவை என்பது உண்மையே. அந்த விதைகளை இருபது வீடுகள் பகிர்ந்து வளர்க்கட்டும். ஒருவர் மாடியில் முடியாதது ஒரு குழுவுக்கு முடியும்.

நாட்டு ரகத்தின் தூய்மை கெட்டுவிடும் என்ற அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால், உறையிட்டுச் சேர்க்கும் பூவில் எந்த மகரந்தம் விழுந்தது என்று தெரியும். தேனீ கொண்டுவந்து சேர்ப்பதில்தான் அது தெரியாது. தாய் ரகத்தின் விதையைத் தனியே எடுத்து வைப்பதும் கலப்பு விதைக்குப் பெற்றோர் பெயரை எழுதுவதும் கட்டாயமாக இருக்க வேண்டும். சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பதிவுபெற்ற ரகத்தையும் புது ரகம் உருவாக்க மூலமாகப் பயன்படுத்த இடம் தருகிறது. வணிக உற்பத்திக்காக அதையே திரும்பத் திரும்பப் பெற்றோராகப் பயன்படுத்தும்போதுதான் உரிமையாளரின் அனுமதி தேவை. நோய் விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். சில வைரஸ்கள் மகரந்தத்தோடு பரவும் என்பதால், நோய் தெரிகிற செடியிலிருந்து எடுக்கவே கூடாது. அனுமதியின்றி வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைக்கவும் கூடாது.

விதைத் திருவிழா நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை விதை மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் பெட்டியும், மகரந்தம் எடுக்கக் கற்றுத்தர ஒருவரும் இருக்கட்டும்.